எனக்கும் ஐபிஎஸ் தான்: பெப்பர்மின்ட் எண்ணெய் காப்சூல் பற்றி ஒரு நீண்ட இழை

1/ மக்களே, எனக்கு ஐபிஎஸ். காக்கிச் சட்டை ஐபிஎஸ் இல்லைங்க, இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம். எம்பிபிஎஸ் வைவா அன்னிக்கு காலையில நாலு தடவை கழிவறைக்கு ஓடினவன் நான். வெளியூர் பஸ் ஏறும் முன்னாடி கழிவறை எங்கேன்னு பார்த்து வெச்சுக்கிற ஆளா நீங்க? அப்போ இந்த இழை உங்களுக்குத்தான். ஆனா பாதியில விட்டுட்டுப் போயிடாதீங்க. முக்கியமான விஷயம் கடைசியில இருக்கு.

2/ இந்த நோயில குடல்ல புண் இருக்காது, கட்டி இருக்காது. டெஸ்ட் எல்லாம் நார்மல்னு வரும். ஆனா வலி நிஜம். குடலும் மூளையும் பேசிக்கிற நரம்பு வழியில உணர்திறன் கூடிப்போயிருக்கும். மத்தவங்களுக்குத் தெரியவே தெரியாத கொஞ்சம் வாயு நமக்கு வயித்தைப் பிசையும். "எல்லாம் நார்மல், டென்ஷன் ஆகாதீங்க"ன்னு நோயாளியை அனுப்பி வெச்ச பாவத்தை நானும் செஞ்சிருக்கேன்.

3/ காப்சூலை எனக்குச் சொன்னது ஒரு சீனியர். "தினமும் புதினா சட்னி சாப்பிடுறேனே சார்"னு சிரிச்சேன். அவர் சிரிக்கல. நம்ம வீட்டுப் புதினா வேற, பெப்பர்மின்ட் வேற. நம்ம புதினாவோட வாசனைக்குக் காரணம் பெரும்பாலும் கார்வோன். பெப்பர்மின்ட் எண்ணெயில முக்கியமா இருக்கிறது மென்தால். வேலை செய்றது அதுதான். சட்னி ருசிக்கு, மருந்துக்கு இல்லை.

4/ எப்படி வேலை செய்யுது? குடல் சுவர்ல இருக்கிற தசை சுருங்கணும்னா கால்சியம் உள்ளே போகணும். மென்தால் அந்த வாசலை ஓரளவு அடைக்குது. பிடிச்சு இழுக்கிற தசை தளருது. வலியை உணர்ற நரம்பையும் கொஞ்சம் அமைதிப்படுத்துது.

5/ அப்போ எண்ணெயை நேரா குடிச்சா போதுமே? கூடாது! வயித்துக்கும் உணவுக்குழாய்க்கும் நடுவுல ஒரு வால்வு இருக்கு. மென்தால் அதையும் தளர்த்திடும். அமிலம் மேலே ஏறி நெஞ்சு எரியும். அதனாலதான் காப்சூலுக்கு மேல அமிலத்துல கரையாத பூச்சு. எண்டெரிக் கோட்டிங்னு பேரு. வயித்தைத் தாண்டி சிறுகுடலுக்குப் போய்த்தான் அது உடையணும்.

6/ இதெல்லாம் தெரிஞ்ச டாக்டரே என்ன பண்ணினார் தெரியுமா? நைட் டியூட்டியில பரோட்டா சாப்பிட்டு, ஒரு மூடி ஆன்டாசிட் குடிச்சு, அது மேலயே காப்சூலைப் போட்டார். ஆன்டாசிட் அமிலத்தைக் குறைச்சதும் பூச்சு வயித்துலயே கரைஞ்சுடுச்சு. விடிய விடிய புதினா ஏப்பம், நெஞ்செரிச்சல். தப்பு மருந்து மேல இல்லை, என் மேலதான்.

7/ அப்புறம் ஒழுங்கா எடுத்தேன். வழக்கமான அளவு: 0.2 மில்லி காப்சூல், சாப்பாட்டுக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்னாடி, ஒரு நாளைக்கு மூணு வேளை. கடிக்கக் கூடாது, உடைக்கக் கூடாது. மூணாவது வாரம் வலி குறைஞ்சது தெரிஞ்சது. நோய் போகலை. ஆனா ஓ.பி.யில நடுவுல எழுந்து ஓடாம உட்கார முடிஞ்சது. அது எனக்குப் பெரிய விஷயம்.

8/ ஆதாரம்? 2021-ல் அமெரிக்க இரைப்பை குடல் மருத்துவக் கல்லூரியோட வழிகாட்டுதல் இதை நிபந்தனையோட பரிந்துரைக்குது. மறுபக்கமும் சொல்லணும். 2020-ல் நெதர்லாந்துல 190 பேரை வெச்சு ஒரு ஆய்வு வந்தது. சிறுகுடல்ல கரையுற காப்சூல் எடுத்தவங்கள்ல சுமார் 47 சதவீதம் பேருக்கு வலி குறைஞ்சது. வெறும் போலி மாத்திரை எடுத்தவங்கள்லயே 34 சதவீதம் பேருக்குக் குறைஞ்சது. புள்ளியியல் கணக்குப்படி அந்த வித்தியாசம் உறுதியா தேறலை. ஆக, இது மந்திரம் இல்லை. சிலருக்கு உதவும்.

9/ இப்போ, நான் இதை எழுத உட்கார்ந்த காரணம். என் தாய்மாமா. 56 வயசு. ஒருநாள் போன்ல, "மாப்ள, எனக்கும் அஞ்சு மாசமா உன்னை மாதிரியே வயித்தைப் பிசையுதுடா. உனக்குக் கேட்டுச்சே, அந்தக் காப்சூல் பேரைச் சொல்லு"ன்னார். நானும் ஓ.பி. அவசரத்துல பேரைச் சொல்லிட்டு வெச்சுட்டேன். ஒரு கேள்வி கூடக் கேட்கலை.

10/ காப்சூல் வேலை செஞ்சுது. அதுதான் வினையே. வலி கொஞ்சம் அடங்கினதும் மாமா சந்தோஷமா ரெண்டு மாசம் ஓட்டிட்டார். அப்புறம் அத்தை போன் பண்ணினாங்க. "மாடி ஏறினா மூச்சு வாங்குதுப்பா. இடுப்புல வேட்டியே நிக்க மாட்டேங்குது." எனக்குக் கை நடுங்கிச்சு. ஹீமோகுளோபின் 7.8. கொலனோஸ்கோப்பியில பெருங்குடலோட வலது பக்கம் கட்டி.

11/ ஆபரேஷன் ஆச்சு. கல்லீரலுக்குப் பரவலை. மாமா இப்போ நல்லா இருக்கார், பொங்கலுக்குக் கரும்பு கடிச்சார். அது அதிர்ஷ்டம், என் திறமை இல்லை. "எடை குறைஞ்சுதா மாமா?" இந்த ஒரு கேள்வியை அன்னிக்கே கேட்டிருந்தா ரெண்டு மாசம் மிச்சம்.

12/ அதனால, காப்சூல் வாங்கும் முன்னாடி உங்களையே கேட்டுக்கோங்க:
- மலத்துல ரத்தம், இல்லை கறுப்பா போகுதா?
- முயற்சி பண்ணாமலே எடை குறையுதா?
- ரத்தசோகை, காய்ச்சல்?
- தூக்கத்துல இருந்து எழுப்புற வலியோ பேதியோ?
- 45 வயசுக்கு மேல புதுசா ஆரம்பிச்சதா?
- குடும்பத்துல யாருக்காவது குடல் புற்றுநோய்?
ஒண்ணுக்கு "ஆமா"ன்னாலும் முதல்ல டாக்டர். காப்சூல் காத்திருக்கும்.

13/ நெஞ்செரிச்சல் அதிகம் உள்ளவங்க, பித்தப்பைக் கல் இருக்கிறவங்க, கர்ப்பிணிகள், குழந்தைகள்: டாக்டரைக் கேட்காம வேண்டாம். சிலருக்கு மலம் கழிக்கும்போது எரிச்சல் வரலாம். அடர்த்தியான எண்ணெயை பாட்டிலோட வாங்கி சொட்டு சொட்டா குடிக்கிற வேலையே வேண்டாம்.

14/ வயித்து வலின்னு யாராவது போன்ல மருந்து பேர் கேட்டா, சொல்ற முன்னாடி 12-ஐ அனுப்புங்க. உங்க வீட்டு மாமாக்கள், அத்தைகளுக்கு இன்னிக்கே அனுப்புங்க. நான் அன்னிக்குக் கேட்காத கேள்விகள் அதுல இருக்கு.