"சண்டையப் பாத்தியாடி?"

ஞாயிறு காலை ஏழு மணிக்கு விருத்தாசலம் ஜங்ஷனுக்கு எதிரே எஸ்.டி.டி. பூத்தில் அம்மா காத்திருப்பாள். கொழும்பிலிருந்து நான் கூப்பிட்டதும் முதல் கேள்வி, "சண்டையப் பாத்தியாடி?" செராமிக் பட்டறையில் பொம்மைகளுக்குப் பிசிர் வழித்து என்னைப் படிக்க வைத்தவள். மகள் போர்ச் செய்தியாளர் என்று பட்டறை முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். "இல்லம்மா" என்பேன். நம்பமாட்டாள்.

அது 1998. கண்டி வீதியைத் திறக்க ராணுவம் வன்னியில் தொடங்கிய ஜயசிக்குறு நடவடிக்கை இரண்டாம் ஆண்டாக இழுத்துக்கொண்டிருந்தது. பத்திரிகையாளர்களை அங்கே விடவில்லை. 1944இல் மார்த்தா கெல்ஹார்ன் மருத்துவக் கப்பலின் கழிப்பறையில் ஒளிந்து நார்மண்டிக்குப் போனதைப் படித்திருந்தேன். எனக்கு அப்படி ஒரு கப்பல் கிடைக்கவில்லை. (கிடைத்திருந்தால் ஏறியிருப்பேனா, சந்தேகம்தான்.)

வெள்ளவத்தையில் ஓர் அறை. காலையில் வீரகேசரி, பிறகு ராணுவ அறிக்கை, லண்டனிலிருந்து புலிகளின் ஃபேக்ஸ். இரு தரப்பும் சொல்லும் சாவு எண்ணிக்கை ஒத்துப்போகாது. இரண்டையும் எழுதுவேன். ஜூனில் தணிக்கை வந்தபின் அதிலும் சில வரிகள் போயின.

பக்கத்து லாட்ஜ் முழுக்க வடக்கிலிருந்து வந்த பெண்கள். பாஸ்போர்ட்டுக்கோ, மகன் அனுப்பும் விசாவுக்கோ, வெளிநாட்டு மாப்பிள்ளைக்கோ காத்திருந்தார்கள். கொழும்பில் தங்கப் பொலிஸ் பதிவு வேண்டும். சோதனைச் சாவடியில் என் தமிழைக் கேட்டு முகம் இறுகும் சிப்பாய், இந்தியப் பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் வழிவிடுவான். அதன் மதிப்பு என்னைவிட அந்தப் பெண்களுக்கு நன்றாகத் தெரியும். கிளிநொச்சி அம்மா ஒருவர் பதிவைப் புதுப்பிக்க என்னைத் துணைக்குக் கூப்பிட்டார். "நீங்கள் பக்கத்தில நிண்டா அவங்கள் கத்தமாட்டாங்கள், பிள்ளை."

போனேன். கத்தவில்லை. அதை எழுதி அனுப்பினேன். 'பெண்கள் பக்கத்துக்கு வைத்துக்கொள்ளலாம்' என்று பதில் வந்தது. அந்தப் பக்கத்திலும் வரவில்லை.

செப்டம்பர் கடைசியில் அவர் மறுபடி கதவைத் தட்டினார். கிளிநொச்சியைப் புலிகள் பிடித்த வாரம் அது. அவர் ஊரின் சாவுகளைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். "நாளைக்குப் போவோம்" என்றேன். தனியாகப் போனவரை, பதிவு காலாவதி என்று பிடித்து வைத்துக்கொண்டார்கள். மறுநாள் என் செய்தி முதல் பக்கத்தில் வந்தது, பெயரோடு.

நான்காம் நாள் திரும்பினார். நடந்தது எதையும் சொல்லவில்லை. பால்மா கலந்து எனக்கும் தேநீர் தந்தார். "உங்கட வேலை முடிஞ்சுதோ, பிள்ளை?" என்று கேட்டார்.

அந்த ஞாயிறும் அம்மா கேட்டாள். "பாத்தேம்மா" என்றேன்.

"எங்க?"

அவள் பக்கத்தில் ரயில் இரைந்தது. மூன்று நிமிடம் ஆகியிருந்தது. வைத்துவிட்டேன்.