உலாவியை ஏன் மாற்றுகிறார்கள்?

உலாவியை மாற்றக் காரணம் கேட்டால் வேகம், பாதுகாப்பு என்றுதான் சொல்வார்கள். தமிழ் வாசிக்கிறவர்களுக்கு அதற்கும் முன்னால் ஒரு கேள்வி இருந்தது. எழுத்து உடையாமல் தெரியுமா?

பயர்பாக்ஸ் 2 (அதாங்க, நம்ம நெருப்புநரி) அருமையான உலாவி. ஆனால் விண்டோஸில், இருபுறமும் சமன் செய்த பக்கத்தைத் திறந்தால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று சிதறிக் கிடக்கும். வேறு வழியில்லாமல் பலர் இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கே திரும்பினார்கள். 2008 ஜூனில் வந்த பயர்பாக்ஸ் 3 இதைச் சரிசெய்தது.

கைபேசியில் கதை வேறு. அந்த நாட்களில் கோவில்பட்டியில் பஸ்ஸுக்கு நின்ற மாணவனின் சாதாரண போனில் தமிழ் எழுத்துருவே கிடையாது. எல்லாம் கட்டம் கட்டமாகத் தெரியும். ஓபரா மினியில் ஒரேயொரு அமைப்பை மாற்றினால் போதும், அதன் சர்வரே எழுத்தைப் படமாக்கி அனுப்பிவிடும். பக்கத்தைச் சுருக்கி அனுப்புவதால் காசும் மிச்சம்!

2020 ஜூனில் மத்திய அரசு தடை செய்த 59 செயலிகளில் யூசி பிரவுசரும் ஒன்று. அதை விட்டவர்கள் விரும்பியா விட்டார்கள்? இன்று பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் குரோம் கூடவே வருகிறது, தமிழும் ஒழுங்காகத் தெரிகிறது. அதனால் பலர் தேர்ந்தெடுப்பதே இல்லை.

கரிசக்காட்டு மானாவாரி சம்சாரி விதையின் பெயரைப் பார்ப்பதில்லை, தன் மண்ணில் முளைக்குமா என்றுதான் பார்ப்பார். தமிழ் வாசகரும் அப்படித்தான். தன் எழுத்து முளைக்காத உலாவி எவ்வளவு வேகமாக இருந்து என்ன பயன்?