குதிரைக்கு மாட்டு மருந்து

போன வருஷம் சித்திரை மாசம். நவரை அறுப்பு முடிஞ்சு நெல்லு களத்துல காஞ்சிக்கிட்டிருந்தது. திருவொற்றியூர்ல இருந்து அக்கா வீட்டுக்காரர் போன் பண்ணார்.

"மச்சான், குதிரைய ஈ புடுங்கி எடுக்குது. ராத்திரி பூரா காலை உதைச்சிக்கினே கீது. உங்க ஊட்டு மாட்டுக்கு இன்னா மருந்து அடிக்கிற? ஒரு பாட்டில் எத்தாந்து குடேன்."

இதைச் சொன்னதும் பட்டணத்து நண்பர்கள் முதல்ல கேக்குறது, "திருவொற்றியூர்ல குதிரையா?" என்றுதான். கன்டெய்னர் லாரியும் புகைபோக்கியும் மட்டும்தான் அவங்க கண்ணுக்குத் தெரியுது. மாமா குதிரை வச்சிருக்கிறது கல்யாண ஊர்வலத்துக்கு. அவர் தாத்தா ராயபுரம் ரயிலடியில ஜட்கா ஓட்டினவர். தென்னிந்தியாவோட முதல் ரயில் 1856-ல கிளம்பின ஸ்டேஷன் அது. ரயில்ல இறங்குறவங்களுக்கு அன்னைக்கு ஆட்டோ கிடையாது, ஜட்காதான். ஜட்கா போயிடுச்சு, அவங்க குடும்பத்துல குதிரை மட்டும் போகல.

இப்ப இருக்கிறது ராணி. நல்ல கருஞ்சிவப்பு, பிடரியும் வாலும் கருப்பு. வீட்டுக்குப் பின்னாடி தகரக் கொட்டகை, சிமெண்டுத் தரை. ஒரு பக்கம் கால்வாய், இன்னொரு பக்கம் லாரி நிக்கிற ஷெட்டு. எனக்கு மீஞ்சூர் பக்கம் நிலம். நாலு மாடு வச்சிருக்கேன். ஈ, உண்ணி எல்லாம் எனக்குப் புதுசில்ல. உண்ணிக்கு அடிக்கிற மருந்து வீட்டுல பாதி பாட்டில் இருந்தது. பையில போட்டுக்கிட்டு ரயிலேறிட்டேன்.

போய்ப் பார்த்தா பாவமா இருந்தது. முன்னங்காலை மாத்தி மாத்தி தரையில அடிக்குது. சிமெண்டுத் தரையில அடிச்சு அடிச்சுக் குளம்போட ஓரம் பிளந்திருக்கு. காலெல்லாம் ரத்தப் பொட்டு. மாட்டுக்கு எவ்வளவு தண்ணி கலப்பேனோ அதே அளவு கலந்து, துணியில நனைச்சு உடம்பு பூரா நானே தடவினேன். ஒரு மணி நேரத்துல ஈ குறைஞ்சிடுச்சு. அக்கா மீன் குழம்பு வச்சுப் போட்டுச்சு. பெருமையா ஊருக்குத் திரும்பினேன்.

மறுநாள் ராணி தலையைத் தொங்கப் போட்டு நின்னுட்டே இருந்திருக்கு. நடந்தா லேசாத் தள்ளாடியிருக்கு. பல நாள் தூங்காத குதிரை, இப்பத்தான் நிம்மதியா தூங்குதுன்னு இவங்க விட்டுட்டாங்க. அதுக்கு அடுத்த நாள் விடியக்காலை அஞ்சு மணிக்கு மாமா போன். கொள்ளு வச்சா மோந்து கூடப் பார்க்கலையாம். ராத்திரியில இருந்து லத்தி போடலையாம். வயித்தைத் திரும்பித் திரும்பிப் பார்க்குதாம், படுக்குதாம், எழுந்திரிக்குதாம். அன்னைக்குச் சாயங்காலம் ஒரு கல்யாணத்துக்கு அட்வான்ஸ் வேற வாங்கியிருந்தார்.

முதல் ரயிலைப் பிடிச்சேன். வண்டியில ஏத்தி வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். டாக்டர் வயித்துல குழாய் வச்சுக் கேட்டார். ரெண்டு பக்கமும் கேட்டுட்டு நிமிர்ந்து, "மேல என்ன தடவினீங்க?" என்றார். நான் பாட்டிலை நீட்டினேன். அதுல இருந்த சீட்டைப் பிரிச்சு, ஒரு வரியைக் காட்டி என்னையே படிக்கச் சொன்னார். சின்ன எழுத்து. குதிரைக்குப் பயன்படுத்தக் கூடாது.

மருந்தோட பேர் அமிட்ராஸ். மாட்டு உண்ணிக்கும் நாய் உண்ணிக்கும் நல்லா கேக்குற மருந்துதான். ஆனா குதிரைக்குள்ள போனா குடல் அசையுறதை நிறுத்திடும். தின்னது உள்ளேயே கெட்டிச்சுப் போய் அடைச்சுக்கும். மாடு அசை போடும், அதுக்கு வயித்துல நாலு அறை. குதிரைக்கு ஒரே வயிறு, அதுவும் சின்னது. தின்னது ஒத்துக்கலன்னா வாந்தி எடுக்கவும் அதால முடியாது. வயித்துவலி வந்து செத்துப் போற குதிரைங்க நிறைய. முப்பது வருஷமா மாடு வளர்க்கிறேன், இது எனக்குத் தெரியாது. நாலு கால், புல்லு தின்னுது, அதுவும் மாடு மாதிரிதானேன்னு நினைச்சிட்டேன்.

தோல்ல மிச்சம் இருந்த மருந்து போகச் சோப்புத் தண்ணியில கழுவினாங்க. மூக்கு வழியா குழாய் விட்டு எண்ணெய் கொடுத்தாங்க, பாட்டில் பாட்டிலா குளுக்கோஸ் ஏத்தினாங்க. மாமா கல்யாண வீட்டுக்குப் போன் பண்ணி அட்வான்ஸைத் திருப்பித் தர்றதா சொன்னார். என்னை ஒரு வார்த்தை திட்டல. திட்டியிருந்தா தேவலாம். ராத்திரி ஆஸ்பத்திரி மரத்தடியில உக்காந்திருந்தப்ப, "நீ இன்னா பண்ணுவ மச்சான், நான்தான கேட்டேன்" என்றார். எனக்கு அவர் மூஞ்சியைப் பார்க்க முடியல.

மூணாவது நாள் காலையில ராணி லத்தி போட்டுச்சு. நாலே நாலு உருண்டை, கல்லு மாதிரி. மாமா அதைக் கையில எடுத்துப் பார்த்தார். விவசாயி நான், சாணி எனக்குப் புதுசா? ஆனா சாணியைப் பார்த்துக் கண்ணுல தண்ணி வந்தது அன்னைக்குத்தான்.

டாக்டர் ரத்தமும் எடுத்து சர்ரா இருக்கான்னு பார்க்க அனுப்பினார். கடிக்கிற ஈ பரப்புற வியாதி அது. ஒரு மிருகத்தைக் கடிச்சு, பாதியில விரட்டினா பறந்துபோய் அடுத்ததைக் கடிக்கும். வாயில ஒட்டின ரத்தத்தோட கிருமியும் போயிடும். விட்டு விட்டுக் காய்ச்சல், ரத்தசோகை, வயித்தடியிலயும் கால்லயும் வீக்கம், கடைசியில பின்னங்கால் தள்ளாடும். 1880-ல கிரிஃபித் எவான்ஸ்னு ஒரு ராணுவக் கால்நடை மருத்துவர், இப்ப பாகிஸ்தான்ல இருக்கிற தேரா இஸ்மாயில் கான்ல, குதிரை, ஒட்டக ரத்தத்துல இந்தக் கிருமியைக் கண்டுபிடிச்சார். ராணிக்கு அது இல்லைன்னு வந்தது. ஈத் தொல்லை வெறும் அரிப்பு இல்லைன்னு அன்னைக்குத்தான் புரிஞ்சது.

அப்புறம் டாக்டர் கேட்டார், "லத்தியை எங்கய்யா கொட்டுறீங்க?"

"பின்னால செவுத்து ஓரமா சார். வாரத்துக்கு ஒருக்கா, ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா கார்ப்பரேசன் வண்டியில போட்டுடுவோம்."

"அங்கதான் ஈயை வளர்க்கிறீங்க" என்றார்.

ராணியோட காலைக் கடிச்சது தொழுவத்து ஈ. பார்க்க வீட்டு ஈ மாதிரியே இருக்கும், ஆனா வாயில இருந்து ஊசி மாதிரி ஒண்ணு முன்னால நீட்டிக்கிட்டிருக்கும். ஆணும் கடிக்கும், பொண்ணும் கடிக்கும். பெரும்பாலும் காலைத்தான் கடிக்கும். மூத்திரத்துல ஊறின வைக்கோலும் லத்தியும் கலந்து கிடந்தா அதுல முட்டை போடும். வெயில் காலத்துல ரெண்டு மூணு வாரத்துல முட்டை ஈயாயிடும். இன்னொண்ணு பெரிய குதிரை ஈ. எண்ணூர் கழிமுகத்துல அலையாத்திச் செடி நிக்கிற மாதிரி சேத்து மண்ணுலதான் அதோட புழு வளரும். இதுல பொண்ணு மட்டும்தான் ரத்தம் குடிக்கும், ஆண் பூந்தேன் குடிச்சுப் பொழைக்கும். சேத்தை நாம காய வைக்க முடியாது. வீட்டுக் குப்பையைக் காய வைக்கலாம்.

வீட்டுக்குத் திரும்பினதும் மண்வெட்டியை எடுத்து அந்தக் குவியலைக் கிளறினேன். மேல காஞ்ச மாதிரி இருந்தது, உள்ள ஈரம். ஈரத்துல புழு நெளியுது. ஒரு குதிரை ஒரு நாளைக்குப் பதினஞ்சு இருபது கிலோ லத்தி போடும். எங்க ஊர்ல இதைக் காசு கொடுத்து வாங்குவோம். இங்க அது செவுத்து ஓரமா ஈ வளர்த்துக்கிட்டிருக்கு. நான் மருந்து பாட்டிலைத் தூக்கிட்டு வந்ததுக்குப் பதிலா ஒரு மண்வெட்டியோட வந்திருக்கணும்.

அன்னைக்கே முடிவு பண்ணினோம். மூணு நாளைக்கு ஒருக்கா குட்டியானை ஒண்ணு என் வயல்ல இருந்து புல்லு ஏத்திக்கிட்டுத் திருவொற்றியூர் போகும். வரும்போது லத்தியும் ஈர வைக்கோலும் ஏத்திக்கிட்டு வரும். முட்டை ஈயாகுறதுக்குள்ள அது எங்க ஊர் எருக்குழிக்கு வந்துடும். இங்க நல்லா குவிச்சு, பிளாஸ்டிக் தார்ப்பாய் போட்டு மூடிட்டா நடுவுல கை வைக்க முடியாத சூடு ஏறும். அந்தச் சூட்டுல புழு சாகும். வாடகை ஆளுக்குப் பாதி.

தரையையும் மாத்தினோம். மூத்திரம் தேங்காம ஓடிப்போக வாட்டம் கொடுத்தோம். குளம்புக்கு இதமா ரப்பர் பாய் போட்டோம். தொழுவத்து ஈக்குக் காத்துன்னா ஆகாது, அதனால குதிரை வாய்க்கு எட்டாத உயரத்துல ரெண்டு ஃபேன், கால் பக்கம் காத்து வர்ற மாதிரி. மத்தியானத்துக்கு மேல கடல்காத்து எழும்பிடும். அந்தப் பக்கத்துத் தகரத்தைக் கழட்டிட்டு கம்பி வலை அடிச்சோம்.

லாரி ஷெட்டுப் பசங்க நல்ல எண்ணத்துலதான் ஒரு யோசனை சொன்னாங்க. "வேஸ்ட் ஆயிலைத் தடவு நைனா, ஒரு ஈ குந்தாது." அந்தப் பக்கம் அது வேணும்கிற அளவு கிடைக்கும். இந்தத் தடவை நான் டாக்டருக்குப் போன் போட்டுத்தான் கேட்டேன். தோல் வெந்துபோகும், நக்கினா உள்ளே போகும், தொடவே தொடாதீங்கன்னுட்டார். அவர் எழுதிக் கொடுத்த குதிரை மருந்து ஒண்ணு இருக்கு, ஈ ரொம்ப ஏறுற நாள்ல மட்டும் அடிக்கிறோம். மத்த நாள்ல தேங்காயெண்ணெயில கொஞ்சம் வேப்பெண்ணெய் கலந்து கால்ல தடவுறது. ரெண்டு மூணு மணி நேரம் தாங்கும், அவ்வளவுதான்.

நிறத்துலயும் விஷயம் இருக்கு. கருப்புக் குதிரை மேல வெளிச்சம் பட்டுத் திரும்புற விதம் குதிரை ஈக்குத் தண்ணி மாதிரி தெரிஞ்சு இழுக்குதாம். வெள்ளைக் குதிரையை அது அவ்வளவா சீண்டாதுன்னு ஹங்கேரி ஆராய்ச்சியாளருங்க 2010-ல எழுதியிருக்காங்க. ஜப்பான்ல கருப்பு மாட்டு மேல வரிக்குதிரை மாதிரி வெள்ளைக் கோடு அடிச்சுப் பார்த்து, ஈ உக்கார்றது பாதியாக் குறைஞ்சதுன்னு 2019-ல சொன்னாங்க. ராணிக்கு பெயிண்ட் அடிக்க மாமா ஒத்துக்கல. அக்கா ரெண்டு பழைய வெள்ளை வேட்டியைச் சேர்த்துத் தைச்சு ஒரு போர்வை பண்ணிடுச்சு. நெத்தியில தொங்கவிட நூல் குஞ்சமும் கட்டுச்சு, தலையை ஆட்டினா கண்ணுல மொய்க்கிற ஈ ஓடும். மாமா முதல்ல காசிமேட்டுல இருந்து பழைய வலை நூல்தான் எடுத்துட்டு வந்தார். நைலான் கண்ணை அறுத்துடும்னு அக்கா பருத்தி நூலுக்கு மாத்திடுச்சு.

இதுல கஷ்டமான விஷயம் ஒண்ணு இருக்கு. அது வால். கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரையைச் சிங்காரிக்கும்போது வாலைச் சடை பின்னி, ஜரிகை சுத்தி, மேல தூக்கிக் கட்டிடுவாங்க. பார்க்க அழகா இருக்கும். ஆனா குதிரைக்கு ஈ விரட்ட இருக்கிற முக்கியமான ஆயுதம் அந்த வால்தான். அதைக் கட்டிட்டு, லைட்டு வெளிச்சத்துல, மேளச் சத்தத்துல மூணு மணி நேரம் நிறுத்தி வைக்கிறோம். மாமா இப்ப வாலைக் கட்டுறதில்ல. "இன்னா நைனா, வால்ல டெகரேசனே இல்ல?"ன்னு கல்யாண வீட்டுல கேக்குறாங்க. ரெண்டு புக்கிங் அதனாலயே கைவிட்டுப் போச்சு. அவருக்கு அது சின்ன பணமில்ல. இருந்தாலும் கட்டல.

உங்க வீட்டுக் கல்யாணத்துக்குக் குதிரை வந்தா, வாலைக் கட்ட வேணாம்னு நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்க. மாப்பிள்ளை பார்க்கிறது எப்படியும் முன்னாலதான்.

இந்த வருஷமும் சித்திரை வந்து போச்சு. ஈ இல்லாம போகல. கழிமுகத்துச் சேறு அங்கேயேதான் இருக்கு, பெரிய ஈ மழைக்கப்புறம் வரத்தான் செய்யுது. தொழுவத்து ஈ மட்டும் நல்லாவே குறைஞ்சிருக்கு. குளம்புல பிளந்த இடம் வளர்ந்து வந்துடுச்சு. லத்தி எரு போட்ட மூணு சென்ட்ல அக்கா வீட்டுக்கும் சேர்த்துக் கீரை வருது. அதே குட்டியானையில புல்லுக்கட்டு மேல வச்சு அனுப்பிடுறேன்.

போன வாரம் ராத்திரி மாமா போன் பண்ணார். எடுத்ததும் பயந்துட்டேன்.

"இன்னா மாமா, ராணிக்கு ஏதாவதா?"

"ஒண்ணுமில்ல மச்சான். போனைக் கொட்டாய்ல வச்சினுக்கிறேன், கேளு."

கேட்டேன். ஃபேன் சுத்துற சத்தம், தூரத்துல லாரி ஹாரன். குளம்புச் சத்தம் இல்ல.