பாதி கேட்டுப் போனவன்

கோடை விடுமுறையில் கும்பகோணத்து மொட்டை மாடியில் பாய் விரித்ததும் அத்தை கதையைத் தொடங்குவாள். ஆங்கிலம் கற்பித்த பள்ளி ஆசிரியை அவள். எமிலி பிராண்டியின் ‘வுதரிங் ஹைட்ஸ்’ ஏறக்குறைய மனப்பாடம். பெயர் எங்கள் வாயில் நுழையாது என்று ‘காத்தடிக்கிற வீடு’ என்பாள். பகலெல்லாம் வெயில் குடித்த தரை முதுகைச் சுடும். அவளோ யார்க்‌ஷயர் மேட்டில் பனி கொட்டுவதைச் சொல்லிக்கொண்டிருப்பாள்.

எர்ன்ஷா பெரியவர் லிவர்பூல் தெருவில் திக்கற்று நின்ற பையனைக் கோட்டுக்குள் பொதிந்து, 60 மைல் நடந்தே கொண்டுவருகிறார். செத்துப்போன தம் மகனின் பெயரையே வைக்கிறார்: ஹீத்கிளிஃப். அவர் கண்மூடியதும் மகன் ஹிண்ட்லி அவன் பாடத்தை நிறுத்தி, வயலுக்கு விரட்டி, வேலையாட்களோடு தள்ளுகிறான். கிறிஸ்துமஸ் அன்று பையன் ஆசையாய்க் குளித்துத் தலைவாரி வருகிறான். ஹிண்ட்லி விரட்டுகிறான்; விருந்துக்கு வந்த எட்கர் அவன் முடியைப் பற்றி ஏதோ சொல்கிறான். சூடான ஆப்பிள் குழம்பு எட்கர் முகத்தில் போய் விழுகிறது. “சரியாப் போட்டான்!” என்று தம்பி எழுந்து கைதட்டினான். எனக்குத் தட்டத் தோன்றவில்லை. தலைவாரிக்கொண்டு வந்தானே என்பதுதான் நெஞ்சில் நின்றது.

எட்கரை மணக்கச் சம்மதித்துவிட்டு எர்ன்ஷாவின் மகள் கேத்தரின் வீட்டுப் பணிப்பெண் நெலியிடம் மனம் திறக்கும் இரவை அத்தை மெதுவாகச் சொல்வாள். ஹீத்கிளிஃபைக் கட்டிக்கொண்டால் தனக்கு இழுக்கு என்கிறாள் கேத்தரின். சுவரோரப் பெஞ்சில் கிடந்தவன் அதைக் கேட்டதும் எழுந்து போய்விடுகிறான். அவனும் தானும் ஒரே உயிர் என்று அவள் அடுத்துச் சொன்னது அவன் காதில் விழவேயில்லை.

“இன்னும் கொஞ்சம் நின்னு கேட்டிருக்கலாமே அத்தை?”

“சின்ன வயசிலேருந்து அந்தப் பேச்சையே கேட்டு அடிபட்டவன்டா. அவ வாயாலயும் அதைக் கேட்டா எப்படி நிப்பான்?”

ஹிண்ட்லி அவனை அப்படித் தாழ்த்தியிராவிட்டால் எட்கரை நினைத்தே பார்த்திருக்கமாட்டேன் என்று கேத்தரினே நெலியிடம் சொல்கிறாள். பிற்பாடு நாவலை நானே படித்தபோது அந்த இடத்தில் வெகுநேரம் நின்றேன். அவன் பட்ட அடி வேறு, இழந்த காதல் வேறு அல்ல. அந்த அடிதான் அவளையும் பறித்தது.

அன்று போன ஹீத்கிளிஃப் மூன்றாண்டு கழித்துப் பணத்தோடு திரும்புகிறான். சூதாட்டத்தில் ஹிண்ட்லியின் வீட்டைப் பிடுங்குகிறான். எட்கரின் தங்கை இசபெல்லாவைப் பழிக்காகவே மணக்கிறான். இவற்றை அத்தை வேகமாகக் கடந்துவிடுவாள். ஹிண்ட்லியின் மகன் ஹேர்ட்டனை எழுத்தறியாதவனாக வளர்க்கும் இடத்தில்தான் அவள் குரல் கடுக்கும். தனக்கு நடந்ததை அப்படியே ஒரு பிள்ளைக்குத் திருப்பிச் செய்தான் என்பதை அவளால் மன்னிக்க முடியவில்லை. என்னாலும் முடியவில்லை. அடிபட்டவன் என்பதற்காக அவனுக்காக எவ்வளவு அழுதாலும், ஹேர்ட்டன் விஷயத்தில் அவன் குற்றவாளிதான். அதே கொடுமையில் வளர்ந்த ஹேர்ட்டனோ கடைசியில் அவன் பிணத்தருகே உட்கார்ந்து அழுகிறான். கேத்தரினின் மகளிடம் எழுத்துக் கற்கிறான்.

1939-இல் வில்லியம் வைலர் எடுத்த திரைப்படம் இந்த இரண்டாம் தலைமுறையையே விட்டுவிட்டது. நாவலில் 34 அத்தியாயங்கள். கேத்தரின் இறப்பது 16-ஆவதில். அங்கே புத்தகத்தை மூடிவிடாதீர்கள். ஹேர்ட்டனையும் படியுங்கள்.