பிரேக் ஒயிலும் பழசாகும்

புது நாட்டுக்கு வந்த நம்மவர்களில் பலர் முதலில் வாங்குவது ஒரு பழைய கார்தான். என்ஜின் ஒயிலைப் பார்ப்போம், ரயரைத் தட்டிப் பார்ப்போம். பிரேக் ஒயில் எத்தனை வருடம் பழசு என்று கேட்பவர் குறைவு.

எங்கள் பெறாமகன் சென்ற கோடையில் 1992ஆம் ஆண்டு மஸ்டா எம்.எக்ஸ்-5 ஒன்று வாங்கினான். இருவர் மட்டும் இருக்கக்கூடிய, கூரை திறக்கும் ஸ்போர்ட்ஸ் கார். சுவிஸில் 2,224 மீற்றர் உயரமான சுஸ்ரன் கணவாயிலிருந்து இறங்கும்போது பெடல் பஞ்சுபோல் உள்ளே போய்விட்டது. கியரைக் குறைத்து, கைப்பிரேக்கை மெல்ல இழுத்து, ஒருவாறு ஓரத்தில் நிறுத்தியிருக்கிறான். அரை மணித்தியாலம் ஆறியதும் பெடல் பழையபடி இறுகிவிட்டதாம். "இப்ப ஒரு பிரச்சினையும் இல்லை, சித்தப்பா" என்றான். அந்தச் சொல்தான் எங்களைப் பயப்படுத்தியது.

பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும். டொட் 4 ஒயில் புதிதாக இருக்கையில் 230 பாகை செல்சியஸ் வரையாவது கொதிக்காமல் தாங்க வேண்டும். 3.7 சதவீதம் நீர் சேர்ந்துவிட்டால் அந்த எல்லை 155 பாகைக்கு இறங்கிவிடும். நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடேறி ஒயில் கொதித்தால் ஆவிக்குமிழிகள் உண்டாகும். ஒயில் அமுங்காது, ஆவி அமுங்கும். அதனால் காலின் பலம் சக்கரத்துக்குப் போய்ச் சேராது. ஆறினால் குமிழி மறையும். நீர் அப்படியே இருக்கும்.

அடுத்த சனிக்கிழமை மூவருமாக வேலையில் இறங்கினோம். சித்தி பெடலில், சித்தப்பா சக்கரத்தடியில், பெறாமகன் ஒயில் போத்தலோடு. ஜக்கை மட்டும் நம்பாமல் இரும்புத் தாங்கிகள் வைத்தோம். குடுவையிலிருந்த கறுத்த ஒயிலை உறிஞ்சி எடுத்து, புதுப் போத்தலை உடைத்து ஊற்றினோம். தூரமான சக்கரத்தில் தொடங்க வேண்டும்: வலது பின், இடது பின், வலது முன், கடைசியாகச் சாரதிப் பக்கம்.

"அமத்தும்."

"அமத்திப் பிடிச்சிருக்கிறன்."

நிப்பிளைத் திறந்தால் தெளிந்த ரியூப் வழியே தேயிலைச் சாயம்போல் வந்தது. நிப்பிளைப் பூட்டிய பிறகுதான் காலை எடுக்கவேண்டும். முந்தினால் காற்று உள்ளே போய்விடும். குடுவை வற்றினாலும் அதேதான். பழைய காரில் பெடல் அடிவரை போனால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல் கிழியக்கூடும் என்று கீழே ஒரு மரக்கட்டை வைத்தோம். குமிழியில்லாமல் புது நிறம் வரும்வரை நான்கு சக்கரத்துக்கும் செய்தோம். ஏறக்குறைய ஒரு லீற்றர் முடிந்தது. பெடல் கல்லுப்போல் நின்றது.

பெயின்ரில் ஒயில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். டொட் 5 சிலிக்கோன் வகை, இதோடு கலக்கக்கூடாது. பழைய ஒயிலைக் கானில் ஊற்றாமல் கழிவு சேர்க்கும் இடத்தில் கொடுங்கள். பழக்கமில்லாதவர்கள் கராஜில் கொடுப்பதே நல்லது, ஏ.பி.எஸ். உள்ள சில கார்களுக்குத் தனிக்கருவியும் தேவைப்படும்.

தொழிற்சாலையில் மெசினுக்கு ஒயில் மாற்றினால் திகதி எழுதி ஒட்டுவோம். அவன் காரிலும் ஒட்டிவிட்டோம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் போகுமுன் உங்கள் குடுவையையும் ஒருதரம் திறந்து பாருங்கள்.