கேம் லோட் ஆகவில்லையா? பேக்கேஜை மாற்ற முன் இதை வாசியுங்கள்



பரீட்சை முடிந்து பிள்ளைகள் வீட்டில் இருக்கும் நாட்களில், கணினி படிப்பிக்கும் எங்களுக்கு வருகிற கேள்விகளில் பாதி ஒரே கேள்விதான். "சேர், மகன் கேமைத் திறந்தா பத்து நிமிஷம் சுத்திக்கிட்டே இருக்கு. நெட் ஸ்லோவாம். பெரிய பேக்கேஜ் போடச் சொல்றான்."

நெட் மேல் பழி விழுவதற்குக் காரணம் இருக்கிறது. 2021இல் நம் மாவட்டத்தின் போஹிட்டியாவ கிராமத்துப் பிள்ளைகள் ஆசிரியர்களோடு காட்டு வழியே நடந்து, மலைப் பாறையில் ஏறி சிக்னல் பிடித்துப் படித்ததை உலகமே செய்தியில் பார்த்தது. அந்தக் காலம் தொட்டு எது தாமதமானாலும் 'சிக்னல் இல்லை' என்பது ஊர்ப்பேச்சாகிவிட்டது.

ஆனால் டவுன்லோட் செய்து இன்ஸ்டோல் பண்ணிய பிறகு கேம் உங்கள் லேப்டொப்பின் டிஸ்க்கில்தான் இருக்கிறது. லோட் ஆவது என்றால் அங்கிருந்து படங்களையும் சத்தங்களையும் எடுத்து ரெமுக்குக் கொண்டுவருவது. சுருக்கி வைத்திருப்பதைப் பிராசஸர் விரிப்பது. அப்டேட் இறங்கத் தாமதமாவதும், ஒன்லைனில் மற்றவர்களோடு விளையாடும்போது இடையில் இழுபடுவதும்தான் பெரும்பாலும் நெட்டின் கணக்கு. சந்தேகம் என்றால், தனியே விளையாடும் கேம் ஒன்றை வைஃபையை நிறுத்திவிட்டுத் திறந்து பாருங்கள்.

தோட்டத்துப் பெற்றோருக்கு நாங்கள் இப்படிச் சொல்வோம். ஃபெக்டரியில் எவ்வளவு பெரிய மெஷின் இருந்தாலும் கொழுந்து லொறி வராவிட்டால் அது சும்மாதான் நிற்கும். பழைய ஹார்ட் டிஸ்க்தான் அந்தத் தாமதமாகும் லொறி. உள்ளே தட்டு சுழலும். சின்னக் கை ஒன்று அங்கும் இங்கும் ஓடி வாசிக்கும். லேப்டொப் டிஸ்க் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 சுற்று. தேவையான துண்டைப் பிடிக்க ஒவ்வொரு முறையும் 15 மில்லி செக்கன் அளவில் போய்விடும். அதாவது சிதறிக் கிடக்கும் துண்டுகள் செக்கனுக்கு நூறுகூடத் தேறாது. கேமுக்கோ ஆயிரக்கணக்கில் வேண்டும். முதல் நிரையில் ஒரு இலை, மலை உச்சியில் ஒரு இலை, திரும்பக் கீழே ஒரு இலை என்று ஒரே ஆளை ஓடவிட்டால் மடுவத்துக்குக் கொழுந்து எப்போது வந்து சேரும்? எஸ்.எஸ்.டி.யில் தட்டும் இல்லை, ஓடும் கையும் இல்லை. சாதாரண சாட்டா எஸ்.எஸ்.டி.யே செக்கனுக்கு 500 எம்பி அளவில் தரும். ஹார்ட் டிஸ்க் வரிசையாக வாசித்தாலும் 100ஐச் சுற்றித்தான்.

காசைச் செலவழிக்க முன், கேம் லோட் ஆகும்போது கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்துங்கள். டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றால் விஷயம் டிஸ்க். மெமரி நிரம்பியிருந்தால் ரெம் போதவில்லை. விண்டோஸ் மிச்சத்தை டிஸ்க்கிலேயே எழுதி எழுதி எடுக்கும், இரட்டைத் தாமதம். சிபியு மட்டும் உச்சத்தில் நின்றால் எஸ்.எஸ்.டி. போட்டும் பெரிய மாற்றம் வராது.

சில நேரம் கேம் எழுதியவர்களின் பிழையாகவும் இருக்கும். ஜி.டி.ஏ. ஒன்லைன் கதை அதுதான். (பெரியவர்களுக்கான கேம் அது, தரம் 8 பிள்ளை கேட்டால் வாங்கிக் கொடுக்காதீர்கள்.) தன் கணினியில் அது லோட் ஆக 6 நிமிடம் எடுப்பது ஏன் என்று 2021 பெப்ரவரியில் ஒருவர் துருவிப் பார்த்தார். 10 எம்பி அளவான பொருட்பட்டியல், ஏறத்தாழ 63,000 பதிவுகள். ஒவ்வொன்றை வாசிக்கும்போதும் பட்டியலின் கடைசிவரை எத்தனை எழுத்து என்று புரோகிராம் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருந்தது. வரவு இடாப்பில் ஒவ்வொரு பெயரைக் கூப்பிடும்போதும் மிச்சப் பெயர்கள் எல்லாவற்றையும் எண்ணுகிற மாதிரி. அதையும் இன்னொரு குறையையும் திருத்தியதும் 2 நிமிடத்துக்குள் வந்தது. ரொக்ஸ்டார் நிறுவனம் ஒப்புக்கொண்டு மார்ச்சில் சரிசெய்து, அவருக்கு 10,000 டொலர் கொடுத்தது. ஐ.சி.டி. வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகளின் கண் விரிகிறது.

பசறைப் பக்கத் தோட்டம் ஒன்றில் கொழுந்து பறிக்கும் ஓர் அக்கா, ஏ.எல். படிக்கும் மகனுக்குப் புது லேப்டொப் வாங்கக் காதுத் தோட்டை அடகு வைக்க பதுளை டவுனுக்கு வந்திருந்தார். கேம் மட்டுமில்லை, பாடக் குறிப்பைத் திறக்கவும் பழையது அப்படித்தான் இழுத்தது. பார்த்தால் டிஸ்க் 100, சிபியு 10கூட இல்லை. 256 ஜிபி எஸ்.எஸ்.டி. ஒன்றும் 4 ஜிபி ரெம் ஒன்றும் சேர்த்தோம். புது லேப்டொப் விலையில் சிறு பங்குதான் ஆனது. அல்ஹம்துலில்லாஹ், தோடு காதிலேயே இருக்கிறது.

மாற்ற நினைப்பவர்கள் முதலில் படங்களையும் பாடக் குறிப்புகளையும் பென் டிரைவில் பிரதி எடுங்கள். லேப்டொப்பின் மொடல் நம்பரைக் கடையில் காட்டிவிட்டு வாங்குங்கள். பழையவை பலவற்றில் எம்.2 எஸ்.எஸ்.டி. பொருந்தாது. எது பிரச்சினை என்று தெரியாவிட்டால் சனிக்கிழமை காலை லெப்புக்குக் கொண்டு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம். சார்ஜரை மறக்க வேண்டாம்.