எங்க லயத்தக் காணோமே

தொழில்நுட்பக் குழு என்றதும் நிறையப் பேருக்குக் கொழும்பு ஹோட்டல் மண்டபமும் புரொஜெக்டரும்தான் ஞாபகம் வரும். புசல்லாவையில் எங்களிடம் இருப்பது ஒரு வாசிகசாலை அறை, இரண்டு பழைய மடிக்கணினி, ஆளுக்கொரு போன். கம்பளைக்கு மேலே, றம்பொடைக்குக் கீழே, சுற்றிவரத் தேயிலை மலை. இங்கே மாதத்தில் இரண்டு ஞாயிறு எப்படி ஆள் சேர்க்கிறீங்க என்று வேறு ஊர் நண்பர்கள் கேட்கிறார்கள். எங்களுக்குத் தெரிந்ததை எழுதுகிறோம்.

முதலில் தமிழில் நடக்கும் குழுக்களைப் பார்த்தோம். காஞ்சிபுரம் லினக்ஸ் பயனர் குழு ஞாயிற்றுக்கிழமைகளில் இணையவழியில் கூடுகிறது. பேச்சு முழுக்கத் தமிழில். விழுப்புரத்துக் குழு கிராமத்து மாணவர்களோடு வேலை செய்கிறது. அவர்களைப் பார்த்து நாங்கள் எடுத்துக்கொண்டது இரண்டு விஷயம்: நாள் மாறக்கூடாது, மொழி மாறக்கூடாது. "அடுத்த கூட்டம் எப்ப?" என்று யாரும் போன் எடுத்துக் கேட்கத் தேவையிருக்கக் கூடாது.

நேரம்தான் எங்கள் ஊருக்கே உரிய சிக்கல். ஞாயிறு காலையில் டியூஷன். பிறகு வீட்டில் தண்ணி, விறகு, துணி. அதில் பெரும்பங்கு பொம்பளப் புள்ளைகளின் தலையில். ஐந்து மணிக்குப் பிறகு மேல் டிவிசனுக்கு பஸ் இல்லை. ஆகவே எங்கள் கூட்டம் ஒன்றரைக்குத் தொடங்கி மூன்றரைக்கு முடியும். எவ்வளவு சுவாரசியமாகப் போனாலும் மூன்றரைக்கு முடித்துவிடுவோம். "புள்ள நாலு மணிக்கெல்லாம் வந்துருச்சு" என்று ஓர் அம்மா பக்கத்துக் காம்பராவில் சொன்னால், அடுத்த முறை அந்தக் காம்பராவிலிருந்தும் ஒரு தங்கச்சி வருவாள். எங்கள் குழுவில் பெண்கள் பாதிக்கு மேல் இருப்பதற்கு இதுதான் காரணம்.

வந்தவர்களை நிற்கவைத்தது வேலை. லினக்ஸ் என்றால் என்ன, பைதன் என்றால் என்ன என்று பேசினால் கேட்டுவிட்டுப் போவார்கள். ஒரு ஞாயிறு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பைத் திறந்தோம். 2004இல் இங்கிலாந்தில் தொடங்கிய, யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய உலக வரைபடம் அது. ஓ.எல். படிக்கும் தம்பி ஒருவன் அங்கிட்டும் இங்கிட்டும் இழுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "அண்ணே, ரோடு இருக்கு, ஸ்டோர் இருக்கு. எங்க லயத்தக் காணோமே."

அது லேசான கேள்வி இல்லை. வீட்டுக்கென்று தனி முகவரி இல்லாத லயங்கள் மலையகத்தில் ஏராளம். கடிதம் தோட்ட ஆபீசுக்கு வந்து, கைமாறிக் கைமாறித்தான் வீட்டுக்கு வரும். எங்களில் ஒருவருக்கு நேர்முகப் பரீட்சைக் கடிதம் கைக்கு வந்தபோது, பரீட்சை முடிந்து நாலு நாள். 2014 அக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்த மீரியபெத்தவில் மலை சரிந்து லயங்களை மூடியபோது, எத்தனை பேர் மண்ணுக்குள் போனார்கள் என்ற கணக்கே நாளுக்கு நாள் மாறியது. வரைபடத்தில் ஒரு கூரையைப் போட்டுவிட்டால் முகவரி வந்துவிடாது. ஆனால் இங்கே ஆள் இருக்கிறது என்று வெளியில் இருப்பவனுக்குத் தெரியும்.

அடுத்த கூட்டத்திலிருந்து வேலையைப் பிரித்தோம். செய்மதிப் படத்தில் தெரியும் கூரைகளைச் சுற்றி மடிக்கணினியில் கோடு போடுவது சிலர். அது லயமா, கொழுந்து மடுவமா, பிள்ளை மடுவமா, கோயிலா என்று செய்மதிக்குத் தெரியாது. அதை நடந்துபோய்ப் பார்த்து எழுதி வருவது சிலர். கணினியைத் தொட்டே பார்க்காத, கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர் மலைக்குள் போகும் குறுக்குப் பாதை எல்லாவற்றையும் கடதாசியில் கீறிக் கொடுத்தார். மழைக்கு எது வழுக்கும் என்பதையும் சேர்த்து. பெயர்களை மூன்று மொழியிலும் ஏற்றுகிறோம். சிங்களத்தில் சரிபார்க்க டவுனிலிருந்து இரண்டு சிங்கள நண்பர்கள் வந்தார்கள். இப்போது அவர்களும் குழுதான்.

இது நாங்கள் கண்டுபிடித்த வழி இல்லை. 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு, காணாமல் போனவர்களைத் தேடவும் முகாம்களைக் கவனிக்கவும் இந்த நாட்டின் மென்பொருள் தன்னார்வலர்கள் சேர்ந்து எழுதியதுதான் சகானா. 2010இல் ஹெயிட்டியில் பூமி நடுங்கியபோது அங்கேயும் அது பயன்பட்டது. அதே ஹெயிட்டிக்காகத்தான் உலகம் முழுவதும் இருந்து ஆட்கள் இரவு பகலாக ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் வீதிகளை வரைந்தார்கள். யாருக்கோ உடனடியாகத் தேவைப்படும் வேலை என்றால் ஆட்கள் தானாக வருவார்கள்.

எங்கள் பெரிய பயம் வேறு. ஏ.எல். முடிந்ததும் பாதிப் பேர் கொழும்புக்குக் கடை வேலைக்கோ காமன்டுக்கோ போய்விடுகிறார்கள். நடத்துபவர்கள் போனால் குழுவும் போய்விடும். இந்த ஊரில் அப்படிப் படுத்துப்போன கழகங்கள் கொஞ்சமில்லை. அதனால் எந்த வேலைக்கும் இரண்டு பேர், அதில் ஒருவர் வயதில் இளையவர் என்று வைத்திருக்கிறோம். கூட்டத்தை நடத்துவது முறைபோட்டு மாறும். வாசிகசாலைச் சாவி இப்போது தரம் 11 படிக்கும் தங்கச்சியிடம்.

எத்தனை பேர் வந்தார்கள் என்று இப்போது அவ்வளவாக எண்ணுவதில்லை. நாங்கள் இல்லாத ஞாயிறும் கூட்டம் நடக்கிறதா என்றுதான் பார்க்கிறோம். போன மாதம் ஒரு ஞாயிறு எங்களில் மூன்று பேர் கொழும்பில். இரவு போனில் திறந்து பார்த்தோம். மேல் டிவிசனில் நாலு லயமும் ஒரு பீலியும் புதிதாக ஏறியிருந்தன.